ஃப்ரிட்ஜைக் காலி பண்ணச் சொன்னேன்

கும்மிடிப்பூண்டி பைபாஸில் எனக்கு ஒரு பைப் கடை இருக்கிறது. சிப்காட் கம்பெனிகளுக்கும் சுற்றுவட்டாரத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கும் பைப், வால்வு, தண்ணீர்த் தொட்டி விற்கிறேன். போன வருஷம் விற்பனை நன்றாக இருந்ததால், பைப் கம்பெனிக்காரர்கள் எங்களைப் போன்ற டீலர்கள் முப்பது பேரைச் சிங்கப்பூருக்கு அழைத்துப்போய், அங்கிருந்து கப்பலில் பினாங்கு வரை கூட்டிச்சென்று திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். நான் பார்த்த முதல் வெளிநாடு அதுதான். ஆனால் அந்த நான்கு நாளில் கடலைவிட அதிகமாக நான் பார்த்துக்கொண்டிருந்தது, எங்கள் அறையில் மேஜைக்கு அடியில் இருந்த ஒரு சின்ன ஃப்ரிட்ஜை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் குடிகாரன். நிறுத்திப் பதினாறு மாதம் ஆகியிருந்தது. நானாக யோசித்துத் திருந்தி நிறுத்தவில்லை. காக்களூர் தொழிற்பேட்டையில் லோடு ஏற்றிக்கொண்டு, பட்டப்பகலில் போதையோடு மினி லாரியை ஓட்டிவந்து, சோழவரம் ஏரிக்குப் பக்கத்தில் பள்ளத்தில் கவிழ்த்தேன். பக்கத்து சீட்டில் என் மனைவி சரளா இருந்தாள். அவளுடைய இடது முழங்கை இன்றைக்கும் முழுதாக நீளாது. ஒரு குடம் தண்ணீர் தூக்க வேண்டுமென்றாலும் வலது கைதான்.

கப்பல் விஷயத்தைச் சொன்னபோது அவள் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. கூடத் தங்கப்போவது யார் என்று மட்டும் கேட்டாள். பெரியபாளையம் தயாளன் அண்ணன் என்றேன். அறுபதை நெருங்கிய மனிதர், பவானியம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். டீலர் கூட்டங்களில் பார்த்துப் பழக்கம். அவருக்கு என் கதை தெரியாது. டீலர்கள் யாருக்குமே தெரியாது. விபத்துக்கு பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லி வைத்திருந்தேன். கூட்டங்களில் கிளாஸ் நீட்டினால் சர்க்கரை மாத்திரை சாப்பிடுவதாகச் சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

சிங்கப்பூர் துறைமுகத்தில் கப்பலைப் பார்த்ததும் எனக்கு எங்கள் ஊர் உருக்காலை ஷெட்டுகள் நினைவுக்கு வந்தன. அப்படிப் பத்து ஷெட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெள்ளையடித்த மாதிரி நின்றது. உள்ளே போனால் நடைபாதை முடிவதே இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள். எங்கள் அறை எண்ணைத் தேடி நானும் தயாளன் அண்ணனும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றோம். கடைசியில் அறைகளைச் சுத்தம் செய்கிறவர்தான் எங்களைக் கையோடு கூட்டிப்போய் விட்டார். சட்டையில் வாயான் என்று பெயர் குத்தியிருந்தது. இந்தோனேசியாக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். காதோரம் நரை.

சரளா கட்டிக்கொடுத்த புளிசாதப் பொட்டலம் கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கதவின் உள்பக்கம் விரல் நீளத்துக்குக் குட்டிக் குட்டி பாட்டில்கள். விஸ்கி, பிராந்தி, பெயர் தெரியாத வெள்ளைச் சரக்கு. கீழ்த்தட்டில் பீர் டின்கள். பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

தயாளன் அண்ணன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "பொம்மக் கட மாதிரி அடுக்கி வெச்சிக்கிறான் பாரு," என்று ஒரு பீரை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். டின்னைத் திறக்கிற சத்தம் கேட்டதும் என் நாக்குக்கு அடியில் தண்ணீர் ஊறியது. பதினாறு மாதம் கழித்தும் உடம்பு எதையும் மறந்திருக்கவில்லை.

அவர் குளிக்கப் போனதும் வெளியே ஓடி வாயானைப் பிடித்தேன். என் இங்கிலீஷ் கடையில் ஆர்டர் எடுக்கிற அளவுக்குத்தான். மினி பார், கிளீன், ஃபுல் கிளீன் என்று கையை விரித்துக் காட்டினேன். அவர் சிரித்துத் தலையாட்டினார். பெரிய பாரம் இறங்கியது.

இரவுச் சாப்பாடு ஒரு பெரிய கூடத்தில். இந்தியச் சாப்பாடு என்று எழுதிவைத்த இடத்தில் சாம்பார் இனித்தது, சப்பாத்தி அப்பளம்போல் நொறுங்கியது. கம்பெனி மேனேஜர் எழுந்து எல்லோரையும் கிளாஸைத் தூக்கச் சொன்னார். நான் எலுமிச்சை ஜூஸைத் தூக்கினேன். யாரும் கவனிக்கவில்லை. முதல் நாள் தாண்டிவிட்டது என்று நினைத்தபடி அறைக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தால், உள்ளே பளபளவென்று துடைத்திருந்தது. பாட்டில்களெல்லாம் லேபிள் முன்பக்கம் தெரியும்படி வரிசையாக நின்றன. தயாளன் அண்ணன் எடுத்த டின்னுக்குப் பதிலாகப் புதிது. அதோடு விஸ்கியில் இரண்டு கூடுதல். சுத்தமாகத் துடைத்து நிரப்பச் சொன்னேன் என்று வாயான் புரிந்துகொண்டிருக்கிறார்.

"கவனிப்புன்னா இது கவனிப்பு," என்றார் தயாளன் அண்ணன்.

மறுநாள் காலையில் வாயானைத் தனியாகப் பார்த்து, வேண்டாம், எல்லாவற்றையும் எடுத்துப் போய்விடுங்கள் என்று புரியவைத்தேன். இந்த முறை அவருக்குப் புரிந்தது. ஆனால் தானாக எடுக்க முடியாதாம். அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறதாம். அறையில் இரண்டு பேர் தங்கியிருந்தால் இரண்டு பேரும் கையெழுத்துப் போடவேண்டுமாம். படிவத்தை நீட்டினார். வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கையெழுத்துக் கேட்டால் காரணம் கேட்பார். காரணம் சொன்னால் பிரேக் கதை பொய் என்றாகிவிடும். ஊருக்குத் திரும்புவதற்குள் முப்பது டீலர்களுக்கும் தெரிந்துவிடும்.

மத்தியானம் பினாங்கில் கப்பல் நின்றது. இறங்கியதும் முகத்தில் அறைந்த வெயிலும் வேர்வையும் அப்படியே நம்ம ஊர்ச் சித்திரை மாதம். மற்றவர்கள் மலை பார்க்கப் போக, நான் தனியாகக் கிளம்பி ஜார்ஜ் டவுன் தெருக்களில் நடந்தேன். வழியில் இரண்டு சீனக் கிழவர்கள் ஒரு கடை வாசலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன சண்டை என்று பக்கத்தில் நின்ற தமிழரைக் கேட்டேன். "நேத்து நீ கொடுத்த மாம்பழம் புளிப்பு, இன்னைக்கு நீயே வந்து தின்னு" என்கிறாராம் ஒருவர். வாய்விட்டுச் சிரித்தேன். கப்பலேறியதிலிருந்து முதல் சிரிப்பு அது.

அந்தத் தமிழரே கைகாட்டிவிட்ட கடையில் சாப்பிட்டேன். சோற்றின்மேல் நாலைந்து குழம்பை ஒன்றாக ஊற்றிக் கொடுக்கிறார்கள். மீன் குழம்பில் வெண்டைக்காய் மிதந்தது. சரளா பார்த்தால் முகம் சுளிப்பாள். ஆனால் காரம் சரியாக இருந்தது. கல்லாவில் இருந்த அம்மாள் எந்த ஊர் என்று கேட்டுவிட்டு, நான் கேட்காமலேயே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றச் சொன்னாள். வைஃபை பாஸ்வேர்டையும் கொடுத்தாள்.

சரளாவைக் கூப்பிட்டேன். கடையைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் லாரி ஹாரன் கேட்டது. சாப்பாடு, தூக்கம் எல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் குரலைக் கொஞ்சம் இறக்கி, "ரூம்ல இன்னாங்க கீது?" என்றாள்.

"கட்டில், டிவி. அவ்ளோதான்," என்றேன்.

அவள் சரி என்று வைத்துவிட்டாள். பதினாறு மாதத்தில் அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அது. குடித்துக்கொண்டிருந்த காலத்தில் பொய்தான் முதலில் வரும், பாட்டில் அப்புறம் வரும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லிவிட்டேன்.

அந்த யோசனையிலேயே தவறான பஸ்ஸில் ஏறிவிட்டேன். துறைமுகம் போகவேண்டியவன், உயரமான அடுக்குமாடிகளுக்கு நடுவே எங்கோ போய்க்கொண்டிருந்தேன். டிரைவரிடம் கப்பல் என்று சொல்ல, அவர் மலாயில் ஏதோ சொல்லி எதிர்ப்பக்கத்தைக் காட்டினார். இறங்கி எதிர்ப் பக்கம் நின்றால் அரைமணி நேரம் பஸ் இல்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது. அப்போது ஒரு நினைப்பு வந்தது. கப்பல் போய்விட்டால்? பாஸ்போர்ட் பையில் இருக்கிறது, கம்பெனிக்காரர்கள் எப்படியாவது ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த அறைக்குத் திரும்ப வேண்டியதில்லை. பஸ் வந்தபோது ஏறுவதா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் உண்மையிலேயே தயங்கினேன். ஏறினேன். நனைந்து ஒழுகிக்கொண்டு துறைமுகத்துக்குள் ஓடியபோது, வாசலை மூடத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் முழுக்கக் கடல். நம் பழவேற்காட்டிலிருந்து பார்த்தாலும் கடல்தான், இதுவும் கடல்தான். ஆனால் அங்கே கரையில் நிற்கிறவன் எப்போது வேண்டுமானாலும் திரும்பி நடக்கலாம். இங்கே எங்கே நடந்தாலும் பாரில் போய் முடிகிறது. காலை முழுக்க மேல்தளத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு எல்லோரும் மேஜிக் ஷோ பார்க்கக் கிளம்பினார்கள். மழையில் நனைந்த உடம்பு கணகணவென்று இருந்தது. மாத்திரை எடுக்க அறைக்கு வந்தேன். யாரும் இல்லை. ஃப்ரிட்ஜ் மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு தண்ணீர் எடுக்கத்தான் திறந்தேன் என்று இப்போதுகூடச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தண்ணீர் பாட்டில் மேஜைமேலேயே இருந்தது.

ஒரு குட்டி பாட்டிலை எடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்தேன். இவ்வளவு சின்னது யாரை என்ன செய்யும் என்று தோன்றியது. சளிக்கு நல்லது என்றும் தோன்றியது. நான் எடுத்தாலும் தயாளன் அண்ணன் எடுத்தது என்றுதான் நினைப்பார்கள் என்பதுவரை யோசித்துவிட்டேன். மூடியைத் திருகினேன். சீல் உடைகிற சத்தம் விரலில் தெரிந்தது. வாசனை வந்தது.

கதவு தட்டப்பட்டது. பதில் சொல்வதற்குள் வாயான் துண்டுகளோடு உள்ளே வந்துவிட்டார். என்னைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். அவருடைய வேலைப் பழக்கம், இன்னும் ஏதாவது வேண்டுமா சார் என்று கேட்டார்.

எனக்கு இங்கிலீஷ் சுத்தமாக வரவில்லை. நான் குடித்தால் செத்துப்போவேன் என்று சொன்னேன். என் மனைவியின் கை என்று சொல்லி, என் இடது முழங்கையை மடக்கிக் காட்டினேன். நான் உடைத்தேன் என்றேன். அதற்குமேல் தமிழில்தான் வந்தது. ஏரிக்கரை, லாரி, அவள் ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொன்னது எல்லாவற்றையும் தமிழிலேயே கொட்டினேன். அவருக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. ஆனால் நான் முடிக்கும்வரை துண்டுகளை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு துண்டுகளைக் கட்டிலில் வைத்துவிட்டு, என் கையிலிருந்து பாட்டிலை எடுத்தார். குளியலறைக்குப் போய்த் தொட்டியில் கவிழ்த்தார். வாசனை போகும்வரை குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டே இருந்தார். திரும்பிவந்து, தன்னால் செய்யமுடிந்தது இவ்வளவுதான், மற்றதற்கு இரண்டு கையெழுத்தும் வேண்டும் என்று நிறுத்தி நிறுத்தி, எனக்குப் புரியும்படி சொன்னார். பிறகு கதவைக் காட்டினார். நீங்கள் போய் வாங்கிக்கொண்டு வாருங்கள், அதுவரை நான் இங்கேயேதான் இருப்பேன், சுத்தம் செய்ய நிறைய இருக்கிறது என்றார். அறையில் சுத்தம் செய்ய ஒன்றுமே இல்லை.

படிவம் மழையில் நனைந்து மடிப்பில் கிழிந்திருந்தது. அவரிடம் புதிது ஒன்று வாங்கிக்கொண்டு மேலே போனேன். மேஜிக் ஷோ இருட்டில் தயாளன் அண்ணனைத் தேடிக் கண்டுபிடித்து, தோளைத் தொட்டு வெளியே அழைத்துவந்தேன். காற்று பலமாக அடித்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படிவத்தைத் தூரப்பிடித்துப் பார்த்தார்.

"இதுல இன்னா எழுதிக்கீது?"

சொன்னேன். பிரேக் பிடித்தது, நான்தான் பிடிக்கவில்லை என்றேன். சற்றுமுன் மூடி திறந்ததையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

கண்ணாடியை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் முகம் நான் எதிர்பார்த்தமாதிரி இல்லை. கோபமாக இருந்தது.

"அப்போ ரெண்டு நாளா நான் உன் எதிர்ல ஒக்காந்து குடிச்சிக்கினு இருந்தேன். நீ பாத்துக்கினு இருந்த."

"ஆமாண்ணா."

"என்ன இன்னான்னு நெனச்சிக்கினு கீற நீ? சொன்னா ஊரெல்லாம் தண்டோரா போடுவேன்னா?"

அப்படித்தான் நினைத்தேன். அவர் படிவத்தைச் சுவரில் வைத்து, பேனா கிழித்துவிடும்போல அழுத்திக் கையெழுத்துப் போட்டார். என் கையில் திணித்துவிட்டு, ஷோவுக்குக்கூடப் போகாமல் எதிர்த்திசையில் நடந்துபோய்விட்டார்.

நான் கீழே வரும்போது வாயான் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷத்தில் எல்லா பாட்டில்களும் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் போய்விட்டன. தண்ணீரும் ஆரஞ்சு ஜூஸும் மட்டும் வைத்தார். நான் கை கூப்பினேன். அவரும் கை கூப்பினார்.

ஆனால் மனசின் பாரம் இறங்கவில்லை. இரவுச் சாப்பாட்டில் தயாளன் அண்ணன் என் மேஜைக்கு வரவில்லை. தூரத்தில் நாலைந்து டீலர்களோடு உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து ஒரு பெரிய சிரிப்புச் சத்தம் எழுந்தபோது என் கையில் இருந்த ஸ்பூன் நின்றுவிட்டது. என்னைப் பற்றித்தான் என்று முடிவே செய்துவிட்டேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து அறைக்கு வந்து படுத்தேன். அவர் வருவார், வந்தால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே எப்போதோ தூங்கிப்போனேன்.

விடிந்து பார்த்தால் அவருடைய கட்டில் கலையாமல் இருந்தது. வேறு அறை கேட்டு வாங்கிக்கொண்டார் என்று நினைத்தேன். பிறகு அவர் முந்தின நாள் கோபத்தோடு அந்தக் காற்றில் நடந்துபோனது ஞாபகம் வந்தது. செருப்பைக்கூடப் போடாமல் மேலே ஓடினேன்.

மேல்தளத்தில், நீச்சல்குளத்தைத் தாண்டி, வரிசையாகப் போட்டிருந்த சாய்வு நாற்காலிகளில் கடைசியில் படுத்திருந்தார். உடம்பைச் சுற்றி நாலைந்து துண்டுகள். பனியில் தலைமுடி நனைந்திருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றதும் கண்ணைத் திறந்தார். எழுந்து உட்கார முயன்றபோது கழுத்து திரும்பவில்லை. பிடித்துக்கொண்டிருந்தது.

"இங்க இன்னாண்ணா பண்றீங்க?" என்றேன்.

கழுத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "நைட்டு ரெண்டு போட்டேன்பா. என்னால வுட முடியாது, இந்த வயசுல. உள்ள வந்தா வாசன வரும். அதான்."

"எழுப்பியிருக்கலாமே."

"எழுப்பி?" என்றவர், துண்டுகளை மடித்துக்கொண்டே, "நேத்து கோவப்பட்டது தப்பு நைனா. நீ மொதல்லியே சொல்லிருந்தா நானே தூக்கிப் போட்டிருப்பேன். அந்த வருத்தம்தான்," என்றார்.

சிங்கப்பூர்க் கட்டடங்கள் தெரிய ஆரம்பித்திருந்தன. அவரைக் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். கழுத்து ஒரு பக்கமாகவே இருந்தது. இப்படியே போனால் டீலர்கள் கேட்பார்களே என்றேன். தலகாணி சரியில்லை என்று சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

போனில் சிக்னல் வந்ததும் அங்கேயே நின்று சரளாவைக் கூப்பிட்டேன். ரூமில் ஃப்ரிட்ஜ் இருந்ததிலிருந்து ஆரம்பித்தேன். பினாங்கில் சொன்ன பொய், மூடி திறந்தது, வாயான் தொட்டியில் ஊற்றியது, படிவம், தயாளன் அண்ணன் ராத்திரி முழுக்கப் பனியில் படுத்திருந்தது வரைக்கும் சொன்னேன்.

"அந்த அண்ணன் நாஷ்டா சாப்ட்டாரா?" என்று கேட்டாள்.

இன்னும் இல்லை என்றேன்.

"மொதல்ல கூட்டிக்கினு போயி சாப்பிட வைங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.